ஒரு முழச் சந்து

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்த மறு வாரம், வளவனும் அனுசுயாவும் அந்த வீட்டுக்குக் குடிவந்தார்கள். 1997ஆம் வருடம். திருத்தணி மலைக்குப் பின்பக்கம், பழைய வண்டிப்பாதை ஓரத்தில் இருந்த ஓட்டு வீடு அது. அதற்கு முன் பஸ் ஸ்டாண்டு பக்கம், வளவனின் சைக்கிள் கடைக்கு மேலே மாடி அறையில் இருந்தார்கள். அனுசுயாவுக்கு மூன்றாம் மாதத்தில் ஒன்று, நான்காம் மாதத்தில் ஒன்று என்று இரண்டு பிள்ளைகள் தங்காமல் போயிருந்தன. இந்த முறை ஐந்து முடிந்திருந்தது. படி ஏறக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

வீடு பரவாயில்லை. கிணறு உண்டு, வேப்பமரம் உண்டு. சுற்றிலும் கல்லுக்கால் நட்டு முள்கம்பி இழுத்திருந்தது. ஆனால் வேலி போட்ட புண்ணியவானுக்குக் கம்பி தீர்ந்ததோ, பொறுமை தீர்ந்ததோ, கடைசிக் கல்லுக்காலுக்கும் சமையலறைச் சுவருக்கும் நடுவே ஒரு முழம் அப்படியே விட்டுவிட்டான். அந்த ஒரு முழம் போதாதா? ஊரில் உள்ள பன்றிகளுக்கெல்லாம் அதுதான் ராஜபாட்டை.

பாத்திரம் கழுவிய தண்ணீர் சுவரோரக் குட்டையில் தேங்கும். பன்றிகள் அதில் புரண்டுவிட்டு, சேறு சொட்டச் சொட்டச் சமையலறை வாசல்வரை வரும். அனுசுயாவுக்கு எல்லாவற்றையும்விட மூக்கு கூர்மை, மசக்கை வேறு. ஒருநாள் காலை, கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த குக்கரை ஒரு பெட்டைப் பன்றி புரட்டிப் போட்டு, முகத்தை உள்ளே விட்டு நக்கிக்கொண்டிருந்தது. அனுசுயா அங்கேயே வாந்தியெடுத்தாள். பன்றி அதையும் விடவில்லை.

அன்றைக்கே முனியனை வரவழைத்தார்கள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் வேலி கட்டுகிறவர் அவர்தான். வேலிகாத்தான் முள்ளை வெட்டிவந்து சந்தில் திணித்து அடைத்தார். மறுநாளே பன்றிகள் முள்ளை இழுத்துப் போட்டுவிட்டு உள்ளே வந்தன.

“முள்ளுக்கெல்லாம் அடங்காதும்மா இதுங்க. பலகைக் கல்லு ஒண்ணு இருந்தா நட்டுடலாம்” என்றார் முனியன்.

“வண்டிப்பாதையில ஒண்ணு சும்மாதான கெடக்குது? அத்த எடுத்தாந்து நடுங்க.”

முனியன் அவளையும் அவள் வயிற்றையும் பார்த்தார்.

“அது சுமைதாங்கிம்மா.”

அனுசுயாவுக்குத் தெரியாததல்ல. அவள் பிறந்த ஆர்.கே.பேட்டைப் பக்கமும் சுமைதாங்கிகள் உண்டு. வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போனவளுக்காக வைப்பது. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு பலகைக் கல்லைப் படுக்க வைப்பார்கள். வழியில் போகிறவர்கள் தலைச்சுமையை அதன்மேல் இறக்கி இளைப்பாறினால், இறக்காமலே போன அவளுடைய சுமையும் கொஞ்சம் குறையும் என்பார்கள்.

“இப்ப எவன் தலையில சுமை தூக்கினு போறான்? எல்லாம் டிவிஎஸ் ஃபிப்டியில கட்டினு போறாங்க” என்றாள் அனுசுயா. “செத்தவளுக்கு ஒரு கல்லு, உயிரோட இருக்கறவ பன்னி நக்குன சட்டியில துன்னணுமா?”

முனியன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வளவன் இரண்டு நாள் மழுப்பிப் பார்த்தான். “வேணா அனுசு, வேற கல்லு பாக்கறேன்” என்றான். அவள் சாப்பாட்டைத் தொடாமல் படுத்துக்கொண்டாள். இரண்டு பிள்ளையைப் பறிகொடுத்தவளைப் பட்டினி போட அவனுக்கு மனம் வருமா? ஞாயிற்றுக்கிழமை சிநேகிதன் வேடியப்பனின் டிராக்டரில் அந்தப் பலகைக் கல் வந்து இறங்கியது. குழி தோண்டிச் செங்குத்தாக நட்டான். கல்லுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை நுழையும் அளவுக்கு மட்டும் இடைவெளி இருந்தது. “சிமிட்டி வாங்கியாந்து பூசிடறேன்” என்றான். கடை வேலையில் அது தள்ளிக்கொண்டே போயிற்று.

பன்றி வரவில்லை. பத்து நாள் அனுசுயா மகாராணி மாதிரி இருந்தாள்.

அப்புறம் அந்த வாடை வந்தது.

கன்று போட்ட மாட்டின் சீம்பாலைக் காய்ச்சாமல் வைத்து, நாலு நாள் கழித்து மூடியைத் திறந்தால் எப்படி இருக்கும்? அந்தப் புளிப்பு. அதற்கு அடியில் லேசான இரத்தக் கவிச்சி. முதலில் பால் சட்டியைச் சந்தேகப்பட்டாள். சட்டியைப் புளி போட்டுத் தேய்த்தாள். பால் அடுப்பில் வைத்த நிமிஷமே திரிந்தது. பால்காரரை மாற்றினாள். அவருடைய பாலும் திரிந்தது. சோற்றில் அந்த வாடை. தண்ணீரில் அந்த வாடை. தாலிக்கயிற்றை முகர்ந்தால் அதிலும்.

கல்லை ஒட்டிய சுவரில் ஒரு ஈரத்திட்டு படர்ந்திருந்தது. விரலால் தொட்டாள். மஞ்சளாக, பிசுபிசுவென்று, இழுத்தால் நூல் மாதிரி வந்தது. பாழாய்ப்போன மூக்கு சும்மா இருக்குமா? முகர்ந்து பார்த்தாள். ஃபினாயில் ஊற்றிக் கழுவினாள். மறுநாள் அதே இடத்தில், இன்னும் கொஞ்சம் தடிப்பாக ஊறியிருந்தது. ஈ மொய்த்தது.

ஒரு நடுப்பகலில் சமையலறை ஜன்னலைத் திறந்தபோது பன்றிகளைப் பார்த்தாள்.

ஐந்து பன்றிகள். வேலிக்கு அந்தப் பக்கம், கல்லைச் சுற்றி நின்றிருந்தன. உறுமல் இல்லை, தள்ளுமுள்ளு இல்லை. கல்லை நக்கிக்கொண்டிருந்தன. கடைவாயில் மஞ்சள் நுரை வழிந்தது. அந்தப் பெட்டைப் பன்றி கண்ணை மூடிக்கொண்டு, குட்டி பால் குடிப்பதைப் போலக் கல்லில் வாயை வைத்து உறிஞ்சியது.

சளப். சளப். சளப்.

அனுசுயா ஜன்னலைச் சாத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

மூன்றாம் நாள், அதே உச்சிவேளை. குட்டை ஓரமாகப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பன்றிகள் இல்லை, காக்கை இல்லை. வெயில் மட்டும் அடித்தது. கல்லுக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. வெகுதூரம் சுமந்து வந்தவர்களுக்கு வரும் மூச்சு.

“யம்மா… ஒரு கை புடிம்மா. எறக்கணும்.”

விறகு பொறுக்கப் போகிற பெண் யாராவது இருக்கும் என்று அனுசுயா நினைத்தாள். சுமையோடு நிற்கிறவள் கை கேட்டால் முடியாது என்று சொல்லும் வழக்கம் அந்தப் பக்கத்தில் கிடையாது. சண்டைக்காரியாக இருந்தாலும் பிடித்துவிட்டுத்தான் மறுவேலை. கேட் வழியாகச் சுற்றிப் போக வயிறு இடம் கொடுக்கவில்லை. சுமையை அவள் கல்லின்மேல் சாய்த்து வைக்கட்டும், நாம் ஒரு பக்கம் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

“ஆங், வை. புடிச்சிக்கிறேன்” என்று இடைவெளியில் கையை நீட்டினாள்.

கையில் எதையோ வைத்தார்கள்.

விறகு இல்லை. வெதுவெதுவென்று இருந்தது.

ஈரமாக, கொழகொழவென்று, ஒரு கோழியின் கனத்தில். விரல்கள் அதற்குள் கொஞ்சம் புதைந்தன. தோல் என்று ஒன்று இருந்தால் அது இன்னும் சரியாகப் பிடிக்காத தோல். கையை இழுப்பதற்குள் அது அசைந்தது. அவளுடைய சுண்டுவிரலைச் சின்னதாக ஏதோ ஒன்று சுற்றிப் பிடித்தது.

அனுசுயா கத்திக்கொண்டே கையைப் பிடுங்கினாள். கை வெறுமையாக இருந்தது. விரல் இடுக்கில் மட்டும் மஞ்சளாக அப்பியிருந்தது.

அந்தப் பக்கம் காலடிச் சத்தம் விலகிப் போயிற்று. வெறுங்கையோடு வீசி நடக்கிறவளின் வேகமான நடை. அனுசுயா கம்பி வழியாக எட்டிப் பார்த்தாள். வண்டிப்பாதையில் மலை அடிவாரம்வரை ஒருத்தரும் இல்லை.

அன்றிலிருந்து வயிறு கனத்தது. பிள்ளை வளர்கிற கனம் அவளுக்குத் தெரியும். இது வலது பக்கமாக இழுத்தது. ஆஸ்பத்திரியில் எடை பார்த்த நர்ஸ், “இன்னாம்மா, பத்து நாள்ல நாலு கிலோ ஏறிக்கினு கீது?” என்று சந்தேகப்பட்டு, தானே மெஷினில் ஏறி நின்று பார்த்தாள். மெஷின் சரியாகத்தான் இருந்தது. டாக்டரம்மா தொட்டுப் பார்த்து, காது வைத்துக் கேட்டார். “ஒரு கொழந்தைதான். நல்லாத்தான் இருக்கு” என்றார்.

இதையும் இழந்துவிடுவோம் என்ற பயம் அவளைப் பிடித்து ஆட்டியது. வாடையை, திட்டை, பன்றிகளை, கூப்பிட்ட குரலை எல்லாம் வளவனிடம் சொல்லி அழுதாள். கையை நீட்டியதை மட்டும் சொல்லவில்லை. வளவன் அந்தக் கணமே சைக்கிளை எடுத்துக்கொண்டு முனியனைத் தேடிப் போனான்.

முனியன் வந்து, துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு கல்லைப் பார்த்தார்.

“அவ பேரு சின்னம்மாளு. வெறகு வெட்டினு இருந்தவ. பத்தாம் மாசம் சுமையோட வரும்போதே வுழுந்து செத்துப் பூட்டா. எங்க அப்பாதான் அந்தக் கல்லு வெச்சாரு.” அவர் அனுசுயா பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்தினார். “கூப்ட்டாளா?”

“கூப்ட்டா.”

“நீ பதில் குடுத்தியா?”

வளவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பத்து நாளாக அவன் சரியாகத் தூங்கவில்லை. கல்லைக் கொண்டுவரச் சொன்னவள் அவள். கையை நீட்டியவளும் அவளே என்று எந்த வாயால் சொல்வது?

“இல்ல.”

“நெசமா?”

“இல்லன்றேன்ல?”

முனியன் பெருமூச்சு விட்டார். “அப்ப கல்லோட போச்சி. எடுத்த எடத்துல வெச்சிட்டு, ஒரு கட்டு வெறகு எறக்கிட்டு வந்தா போதும். கைல வாங்கியிருந்தா என்னால ஆவாதும்மா.”

அன்று சாயங்காலமே வளவனும் வேடியப்பனும் கடப்பாரை போட்டுக் கல்லைப் பெயர்த்தார்கள். மண்ணுக்குள் இருந்த பாகம் முழுவதும் அந்த மஞ்சள் பிசுக்கு தயிர்போலக் கெட்டியாக அப்பியிருந்தது. அதில் வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. குழியில் அது குளமாக நின்றது. வேடியப்பன் வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தான். எப்படியோ கொண்டுபோய்ப் பழைய இடத்தில் படுக்க வைத்து, விறகுக்கட்டை இறக்கி, கற்பூரம் ஏற்றிவிட்டு வந்தார்கள்.

வாடை போய்விட்டது. பால் திரியவில்லை. சுவர் காய்ந்தது. பன்றிகள் பழையபடி சந்து வழியாக வந்து குட்டையில் புரண்டன. யாரும் அதை மூடுவது பற்றிப் பேசவில்லை.

வயிற்றின் கனம் குறைந்ததா என்று வளவன் கேட்டபோதெல்லாம் “குறைஞ்சிடுச்சி பாவா” என்றாள். குறையவில்லை.

கார்த்திகையில் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். கை கால், கண் மூக்கு எல்லாம் சரியாக இருந்தன. வளவன் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கற்கண்டு கொடுத்தான். பிரசவம் பார்த்த ஜெயம்மா மட்டும், “கொழந்தை வந்தும் வயிறு எறங்கலியே” என்று கையால் அழுத்திப் பார்த்தாள். அன்று இரவோடு அதுவும் இறங்கிவிட்டது. அனுசுயா மூன்றாவது பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

நாற்பதாம் நாள், விளக்கு வைக்கும் நேரம். கரண்ட் இல்லை. வளவன் வாசலில் உட்கார்ந்து ஒரு சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். அனுசுயா புடவைத் தூளியிலிருந்து குழந்தையைத் தூக்கி இடது மார்பில் போட்டுக்கொண்டாள். குழந்தை வயிறு நிறையக் குடித்துவிட்டு, அவள் தோளில் முகத்தைப் புதைத்துத் தூங்கியது.

தூளி எழும்பவில்லை.

குழந்தையைத் தூக்கிய பிறகும் புடவை அடியில் தொய்ந்து, உருண்டு, கனத்துத் தொங்கியது. உத்தரத்தில் கயிறு கிறீச்சிட்டது. துணியின் அடிப்பக்கம் மஞ்சளாக ஊறி, ஒரு சொட்டு தரையில் விழுந்தது. அந்த வாடை வந்தது.

உள்ளே எதுவோ வெறும் வாயைச் சப்பிக்கொண்டிருந்தது.

அனுசுயாவுக்குக் குமட்டியது. தினமும் இந்த நேரத்துக்குக் குமட்டும்.

“கொழந்தை தூங்கிடுச்சா அனுசு?” என்று வாசலிலிருந்து வளவன் குரல் கொடுத்தான்.

“ஒண்ணு தூங்கிடுச்சி” என்று அவனுக்குக் கேட்காதபடி சொல்லிவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, வலது பக்க ரவிக்கையை விலக்கியபடி தூளிக்குள் கையை விட்டாள்.