குக்கர் டாக்டரும் மாவுக்கடை அத்தையும்

ஸ்ரீரங்கம் அடையவளஞ்சான் வீதியிலிருந்து பிரிகிற சந்து ஒன்றில் ஒரு டாக்டர் இருக்கிறார். அவர் ஊசி போடமாட்டார். நாக்கை நீட்டச் சொல்லமாட்டார். ஏனென்றால் அவரிடம் வருகிற நோயாளிகள் எல்லாம் குக்கர்கள்!

அந்த டாக்டர் வேறு யாருமில்லை, இளவேனிலின் அம்மா ஜோதிதான். விசில் வராத குக்கர், மூடி திறக்காத குக்கர், பருப்பை மேலே கக்குகிற குக்கர் என்று எது வந்தாலும் அம்மா மூடியைத் தட்டிப் பார்ப்பார். பத்தே நிமிடத்தில் சரிசெய்துவிடுவார். அப்பா துறையூரில் அறுவடை மிஷின் ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். அதனால் அந்தக் குக்கர் ரிப்பேர் கடை முழுவதும் அம்மாவின் ராஜ்யம்.

ஆறாம் வகுப்பு படிக்கும் இளவேனிலுக்கு அந்த ராஜ்யத்தில் ஒரு பதவி உண்டு. குக்கர் வைத்தியத்தை அம்மா சொல்லச் சொல்ல அவள் எழுதுவாள். பாலிடெக்னிக்கில் படிக்கிற அண்ணன் நவநீதன் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவான். மூவரும் சேர்ந்து நடத்துகிற அந்த இணையதளத்தின் பெயர் 'குக்கர் டாக்டர்'. அதில் குக்கரைத் தவிர வேறு எதுவும் கிடையாது. சினிமா கிடையாது, கிரிக்கெட் கிடையாது. மிக்ஸிகூடக் கிடையாது.

"மிக்ஸிக்கு வேற டாக்டரைப் பார்த்துக்கட்டும்" என்பார் அம்மா.

அப்படியும் ஒரு நாளைக்கு இருநூறு பேர் வந்து படித்தார்கள். காட்டூரிலிருந்து படித்தார்கள், மலேசியாவிலிருந்தும் படித்தார்கள். பக்கத்தின் ஓரத்தில் ஒரு பெட்டியில் விளம்பரம் வரும். ஒரு விளம்பரக் கம்பெனி அதை அனுப்பும். யாராவது அதைப் பார்த்து, ஆசைப்பட்டு, விரலால் அழுத்தினால் தளத்துக்குக் கொஞ்சம் காசு சேரும்.

அம்மா ஒரே ஒரு சட்டம் போட்டிருந்தார். "கடைக் காசு வீட்டுக்கும் உங்க படிப்புக்கும். தளம் தன் செலவைத் தானே பாத்துக்கணும். முடியலைன்னா மூடிடலாம்."

தளத்துக்கு வருஷக் கட்டணம் மூவாயிரம் ரூபாய். இருபத்தைந்தாம் தேதிக்குள் கட்ட வேண்டும். அநேகமாகச் சேர்ந்துவிட்டது என்று நவநீதன் சொல்லியிருந்தான். இளவேனில் நிம்மதியாக இருந்தாள்.

பதினான்காம் தேதி சாயங்காலம் அந்த நிம்மதி போனது.

"ஐயோ! போச்சு!" என்று கத்தினான் நவநீதன்.

"யாருடா போயிட்டா?" என்று ஸ்குரூ டிரைவரும் கையுமாக ஓடிவந்தார் அம்மா.

"விளம்பரத்தை நிறுத்திட்டாங்கம்மா. முப்பது நாளைக்கு ஒண்ணும் வராதாம். சேர்ந்த காசையும் தரமாட்டாங்களாம். நம்ம தளத்து விளம்பரத்தை யாரோ திரும்பத் திரும்ப அழுத்தியிருக்காங்க. நாமதான் ஏமாத்துறோம்னு நினைக்கிறாங்க."

"நாம யாரும் அழுத்தவே இல்லையே!" என்றார் அம்மா.

"அதான் புரியலை. இங்க பாருங்க. காலையில ஆறிலிருந்து எட்டு, சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு. எல்லாமே நம்ம ஸ்ரீரங்கத்திலிருந்துதான். யாரோ நமக்கு வேண்டாதவங்க செஞ்ச வேலை இது."

இளவேனில் வாசலுக்குப் போய்ப் பக்கத்துக் கடையை எட்டிப் பார்த்தாள். ஆறிலிருந்து எட்டு! பக்கத்துக் கடையில் கூட்டம் அலைமோதுகிற நேரமாயிற்றே அது!

பக்கத்துக் கடை பொன்னுத்தாய் அத்தையின் இட்லி மாவுக் கடை. இரண்டு வாரத்துக்கு முன்னால் அத்தை, "இந்தத் தளத்துல என்ன கண்ணு வருமானம்?" என்று கேட்டார். இளவேனில் முறுக்கைக் கடித்துக்கொண்டே, "விளம்பரத்தை யாராவது அழுத்தினா காசு வரும் அத்தை" என்று சொல்லிவிட்டு விளையாட ஓடிவிட்டாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்குத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு மாவுக் கடைக்குப் போனாள்.

நீள வரிசை. மாவு அண்டாவில் அத்தையின் போன் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதில் 'குக்கர் டாக்டர்' திறந்திருந்தது. விளம்பரம் நின்று பெட்டி காலியாகிவிட்டதைக்கூடக் கவனிக்காமல் அத்தை வழக்கம்போல வேலையில் இறங்கியிருந்தார்.

"ஒரு லிட்டரா? இந்தாங்க. அப்படியே இந்தப் பெட்டியில ஒரு அழுத்து அழுத்திட்டுப் போங்க. நம்ம ஜோதியோட தளம். புண்ணியமாப் போகும்."

"நேத்துதான் ரெண்டு அழுத்தினேனே!" என்றார் வரிசையில் நின்ற ராசப்பன் சார். பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"நேத்து அழுத்தினது நேத்தோட போச்சு சார். இன்னிக்குப் புதுசா அழுத்துங்க!"

சிரிப்பதா அழுவதா என்று இளவேனிலுக்குத் தெரியவில்லை. அத்தையின் முகம் பூரித்துப்போய் இருந்தது. அண்ணன் வந்து சத்தம் போட்டால் அந்த முகம் எப்படி வாடிப்போகும்! அவள் ஓரமாக ஒதுங்கி, கூட்டம் குறைகிறவரை காத்திருந்தாள்.

"உனக்கு எவ்வளவு கண்ணு?" என்று கேட்டார் அத்தை.

"மாவு அப்புறம் அத்தை. ஒண்ணு கேக்கணும். உங்க வரிசையில தினமும் நாப்பது பேர் கூட வந்து நின்னா என்ன செய்வீங்க?"

"கூட நாலு படி அரிசி ஊறப்போடுவேன். கேக்கணுமா?"

"ஆனா அவங்க மாவு வாங்க வரலை. உங்க கடையில கூட்டம் தெரியணுமேன்னு சும்மா வந்து நிக்கிறாங்க. நின்னுட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க."

"ஐயையோ! அரைச்ச மாவெல்லாம் புளிச்சுப்போயிடுமே! எந்தப் பாவி அப்படிச் செய்வான்?"

இளவேனில் போனைக் காட்டினாள். "விளம்பரம் போடுறவங்களும் கடைக்காரங்கதான் அத்தை. நாம அழுத்துற ஒவ்வொரு தடவையும் அவங்க காசு கொடுக்குறாங்க. நெசமாவே வாங்க வர்றாங்கன்னு நம்பித்தான் கொடுக்குறாங்க."

அத்தை போனைப் பார்த்தார். தன் விரலைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, மாவு துடைக்கிற துணிக்கு அடியில் மறைத்து வைத்தார்.

"அப்போ அந்தப் பாவி நான்தானா கண்ணு?"

அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. இளவேனில் அவருடைய மாவுக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லை அத்தை. உங்ககிட்ட அரைகுறையாச் சொல்லிட்டு ஓடினது நான். நீங்க எங்க மேல இருக்கிற பாசத்துலதான் செஞ்சீங்க. அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. நவநீதன் தலையில் கை வைத்துக்கொண்டான். அம்மா கையிலிருந்த குக்கர் மூடியைக் கீழே வைத்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார்.

"வேண்டாதவங்க செஞ்ச வேலைன்னியேடா! நம்ம மேல உசிரையே வெச்சிருக்கிறவங்க செஞ்ச வேலை!"

நவநீதன் நடந்ததை அப்படியே கம்பெனிக்கு எழுதினான். 'எங்கள் அத்தை மிகவும் நல்லவர்' என்று ஒரு வரி சேர்த்தே ஆகவேண்டும் என்று இளவேனில் அடம்பிடித்தாள். இரண்டு நாளில் பதில் வந்தது. உண்மையைச் சொன்னதற்கு நன்றி. ஆனால் முப்பது நாள் என்றால் முப்பது நாள்தான்.

பொன்னுத்தாய் அத்தை முந்தானையில் பணத்தை முடிந்துகொண்டு வந்து நின்றார். அம்மா அவரை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். பணத்தைத் தொடவே இல்லை. சட்டம் சட்டம்தான்.

இருபத்தைந்துக்கு இன்னும் எட்டே நாள்.

அன்று இளவேனில் தளத்தைத் திறந்து, வாசகர்கள் எழுதியவற்றை முதலிலிருந்து படித்தாள். மூடிவிட்டால் இவர்களெல்லாம் யாரிடம் போய்க் கேட்பார்கள்? படித்துக்கொண்டே போனவள் சட்டென்று நிறுத்தினாள். திரும்ப மேலே போனாள். ஒரு நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தாள்.

இருபத்து மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். மூடிக்குள் மாட்டுகிற ரப்பர் வளையம், அதுதான் கேஸ்கட், நல்லதாக எங்கே கிடைக்கும்?

"அம்மா, சனிக்கிழமை சாமான் வாங்கப் போறப்ப நானும் வரேன்" என்றாள்.

சனிக்கிழமை இருவரும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறி, சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி, பெரிய கடை வீதிக்கு நடந்தார்கள். அங்கேதான் காஜா மைதீனின் குக்கர் சாமான் கடை. வளையல் கடை மாதிரி சுவர் முழுக்க ரப்பர் வளையங்கள் தொங்கும்.

"வாங்க ஜோதிம்மா! பாப்பாவும் வந்திருக்கா. மாஷா அல்லா, என்னமா வளர்ந்துட்டா!" என்றார் அவர்.

"மாமா, எங்க தளத்துல உங்க கடைக்கு விளம்பரம் போடறீங்களா?" என்று கேட்டாள் இளவேனில்.

சாமான் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றது. இது அவருக்கே புதுச்செய்தி.

காஜா மைதீன் சிரித்தார். "எனக்குத் தெரிஞ்ச விளம்பரம் வருஷா வருஷம் காலண்டர் அடிச்சுக் கொடுக்கிறதுதான். சரி, உங்க தளத்தை ஒரு நாளைக்கு எத்தனை பேர் பாக்குறாங்க?"

ரெண்டாயிரம் என்று சொல்லிவிடலாமா? அவர் என்ன வந்து எண்ணிப் பார்க்கவா போகிறார்? ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அது நாக்கின் நுனிவரை வந்துவிட்டது.

"இருநூறு பேர் மாமா."

"இருநூறுதானா? என் கடை வாசல்ல பத்து நிமிஷத்துல இருநூறு பேர் போறாங்களே!"

"போறாங்க மாமா. அதுல யார் வீட்டுக் குக்கர் கெட்டுப்போயிருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"அது எப்படித் தெரியும்?"

"எங்ககிட்ட வர்ற இருநூறு பேர் வீட்டுலயும் குக்கர் மக்கர் பண்ணுது. அதுக்காகத்தான் வர்றாங்க. வேற எதுக்கும் வர்றதில்லை. ஏன்னா, எங்ககிட்ட வேற எதுவுமே இல்லை!"

காஜா மைதீன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். இளவேனில் நோட்டை நீட்டினாள். அவர் சத்தமாகப் படித்தார்.

"'நான் காரைக்காலில் இருக்கிறேன். எங்கள் குக்கருக்கு அளவான கேஸ்கட் கிடைக்கவில்லை. சோறு அரைவேக்காடாக இருக்கிறது. மாமியார் முறைக்கிறார்.' அடடா! பாவம்! கேஸ்கட் என்கிட்ட இருக்கு. மாமியாருக்குத்தான் என்கிட்ட சாமான் கிடையாது!"

கடைப் பையன்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

"சரி பாப்பா. வருஷத்துக்கு என்ன கேக்குறே?"

"மூவாயிரம் மாமா. உங்க கடைப் பேரு, போன் நம்பர், என்னென்ன அளவு இருக்குங்கிறது, எல்லாம் ஒரு பெட்டியில வரும். கேக்குறவங்களுக்கு நீங்க பார்சல் அனுப்பணும்."

இப்போது அம்மாவுக்குப் பேச்சு வந்தது. "ஒண்ணு பாய். நான் மாட்டிப் பார்த்து நல்லாருக்குன்னு சொன்ன கேஸ்கட்தான் அதுல வரும்."

"உங்களுக்கு நான் எப்பங்க மட்டமானது கொடுத்தேன்?"

"இன்னொண்ணும் இருக்கு மாமா. பெட்டிக்கு மேல 'விளம்பரம்'னு எழுதிடுவோம்" என்றாள் இளவேனில்.

"எழுதிக்க. அதுக்குக் கீழ என் பேரைக் கொஞ்சம் பெருசாப் போடு!" அவர் கல்லாவைத் திறந்தார். அம்மா எதையோ சொல்ல வாயெடுத்தார். காஜா மைதீன் கையமர்த்தினார். "இருநூறை இருநூறுன்னே சொன்ன பிள்ளைகிட்ட நான் பேரம் பேசமாட்டேன் ஜோதிம்மா."

திரும்பி வரும்போது அம்மா அவளுக்கு ஜன்னலோரம் விட்டுக்கொடுத்தார். பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது.

"நம்ம தளத்துக்கு விளம்பர மேனேஜர் ஒருத்தர் இருக்காங்கன்னு எனக்கே தெரியாதே!" என்றார் அம்மா.

"சம்பளம் ஒரு ரோஸ் மில்க்மா" என்றாள் மேனேஜர். ஸ்ரீரங்கத்தில் இறங்கியதும் முதல் வேலையாகச் சம்பளம் பட்டுவாடா ஆனது.

இருபத்தைந்தாம் தேதி கட்ட வேண்டிய பணத்தை இருபத்திரண்டாம் தேதியே கட்டிவிட்டான் நவநீதன். புதுப் பெட்டி பக்கத்தின் ஓரத்தில் பளிச்சென்று வந்தது. முதல் பார்சல் காரைக்காலுக்குப் போனது. நாலாவது நாள் அங்கிருந்து ஒரு வரி வந்தது: 'சோறு வெந்தது. மாமியார் சிரித்தார்.' அம்மா அதைத் துண்டுச்சீட்டில் எழுதி, கடைச் சுவரில் ஒட்டிவைத்தார்.

பொன்னுத்தாய் அத்தை மட்டும் அந்தப் பெட்டியைக் கண்டாலே கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ஒருநாள் காலை இளவேனில் மாவு வாங்கப் போனபோது, அத்தை கிழிந்துபோன பெரிய கேஸ்கட் ஒன்றைத் தூக்கிக் காட்டினார்.

"கண்ணு, என் பன்னிரண்டு லிட்டர் குக்கரோடது. உங்க அம்மாகிட்ட இந்த அளவு இல்லையாம். பாய் கடை விளம்பரத்துல இருக்கு." அத்தை குரலைத் தாழ்த்தினார். "எனக்கு இப்ப நெசமாவே வேணும். அழுத்தலாமா?"

"தாராளமா அழுத்துங்க அத்தை!"

அத்தை விரலை முந்தானையில் நன்றாகத் துடைத்துக்கொண்டார். கண்ணை மூடி ரங்கநாதரைக் கும்பிட்டுக்கொண்டார். பிறகு ஒரே ஒரு அழுத்து அழுத்தினார்.

"நானும் அழுத்தணுமா?" என்று ஆர்வமாக விரலை நீட்டினார் ராசப்பன் சார்.

"உங்க குக்கர் நல்லாத்தானே இருக்கு?" என்று அதட்டினார் அத்தை. "கையைக் கட்டிக்கிட்டு வரிசையில நில்லுங்க சார்!"