ஓரத்தில் நின்றவள்

"நெருங்கி நில்லுங்க... மாமா, இன்னும் உள்ள வாங்க... ஆங், அப்படியே!"

கத்திக்கொண்டே பின்னால் நகர்ந்தான் மணிவண்ணன். சிறுவாச்சூர் மண்டபத்து மேடையில் மாப்பிள்ளை வீட்டார் மொத்தமும் நின்றார்கள். கேமராவுக்குள் பாதிப் பேர்தான் அடங்கினார்கள். மீதிப் பேரின் கண் பந்தியில் இருந்தது. இன்னும் ஒரு நிமிடம் போனால் ஓடிவிடுவார்கள். இன்னும் கொஞ்சம் பின்னால்...

தொம்!

சந்தனத் தட்டு ஒன்று பறந்தது.

திரும்பினான். பச்சைப் பட்டு முந்தானை முழுக்கச் சந்தனம். அதற்கு மேலே இரண்டு கண்கள்... ஏற்கெனவே பெரியவை, கோபத்தில் இன்னும் பெரிதாகி...

"பின்னாடி பாத்து வரமாட்டீங்களா?"

"பின்னாடி பாத்தா முன்னாடி இருக்கறவங்க சாப்பிடப் போயிடுவாங்கங்க. லென்சுல எல்லாரும் அடங்கல. அதான்..."

"அடங்கலன்னா அடங்குற லென்சா வாங்குங்க. வர்றவங்க மேலயா விழுவீங்க?"

சுருக்கென்றது. ஸ்டுடியோ போட்ட நாளிலிருந்து அவன் மண்டையைக் குடைவதே அதுதான். வைடு ஜூம் லென்ஸ் ஒன்று வாங்கிவிட்டால் எவ்வளவு குறுகிய மண்டபமானாலும் நின்ற இடத்திலிருந்தே குடும்பம் மொத்தத்தையும் வளைத்துவிடலாம். ஆனால்...

"அதுலயும் ஒரு வில்லங்கம் இருக்குங்க. ஓரத்துல நிக்கிறவங்க அகலமாத் தெரிவாங்க."

"எவ்ளோ அகலமா?"

பந்திப் பக்கம் கையைக் காட்டினான். "அதோ, சமையல் மாஸ்டர் நிக்கிறாரே..."

மாஸ்டரைப் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். அப்படியும் சிரிப்பு கண் வழியாகத் தப்பித்துவிட்டது.

"பேரு?" என்றான்.

"மாஸ்டர் பேரா?"

"உங்க பேரு."

"மொதல்ல சந்தனக் கறை போகட்டும். அப்புறம் சொல்றேன்."

"ஏ வெற்றிச்செல்வி! போட்டோகாரர்கிட்ட அங்க என்னடி பேச்சு?" என்று பந்தியிலிருந்து ஒரு குரல் வந்து, அவளைக் காட்டிக்கொடுத்தது.

அது 2002 ஆவணி. ஐப்பசியில், திருச்சிக் கடைக்காரர் ஒரு வைடு ஜூமைக் கையில் கொடுத்தார். "ரெண்டு விசேஷத்துக்கு எடுத்துப் பாருங்க தம்பி. பிடிச்சா வெச்சுக்குங்க, பிடிக்கலன்னா கொண்டாந்துடுங்க."

முதல் விசேஷம் அரியலூரில். வெளியே சோவென்று மழை. கேமராவைக் கண்ணில் வைத்தவன் அப்படியே நின்றான்.

மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் வெற்றிச்செல்வி!

"நான் வேலை பாக்குற கம்ப்யூட்டர் சென்டர்லதான் பொண்ணும் வேலை பாக்குது" என்றாள், அவன் கேட்காமலே. "புது லென்சா?"

"வாங்கறதா வேணாமான்னு இன்னும் முடிவு பண்ணல. நீங்க நடுவுல நில்லுங்க."

அவள் நகர்ந்து நகர்ந்து வலது ஓரத்துக்குப் போனாள்.

"அய்யோ, ஓரம் வேணாங்க. சொன்னேன்ல?"

"எல்லாரும் பயந்துகிட்டா ஓரத்துல யாருதான் நிக்கிறது? எடுங்க."

எடுத்தான். ஒருவர் கை, ஒருவர் கால்கூட வெளியே போகவில்லை. அத்தனை பேரும் அடங்கினார்கள். அவன் மட்டும் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு அவளைத் தனியாக வாசலுக்குக் கூப்பிட்டு, பழைய லென்சில் ஒரு படம். மழைச்சாரல் முகத்தில் தெறிக்க, கண்ணைச் சுருக்கிக்கொண்டு... இரண்டையும் பிரிண்ட் போட்டு, ஒரே கவரில் அவளிடமே கொடுத்தான்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு சேதி இல்லை.

கார்த்திகையில் ஒருநாள் பெரம்பலூர் ஸ்டுடியோவுக்குள் திருமானூர் அரியமுத்து நுழைந்தார். வெற்றிச்செல்வியின் அப்பா. கையில் நீளமாய்க் கத்தரித்த ஒரு போட்டோத் துண்டு. மேஜைமேல் அதை எறிந்தார்.

"என் மவள என்னய்யா பண்ணி வெச்சிருக்க?"

குரூப் போட்டோவிலிருந்து அவளை மட்டும் தனியாக வெட்டியிருந்தது. பக்கத்தில் நின்றவளின் முழங்கை ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. லென்சின் ஓரம் தன் வேலையைக் காட்டியிருந்தது. கன்னம் ஒரு பக்கம் இழுபட்டு, தோள் அகன்று...

"ஜெயங்கொண்டத்து மாப்பிள்ளை வூட்டுக்கு இததான் அனுப்புனோம். பொண்ணு ஒடம்பு ஜாஸ்தியா இருக்கு, வேணாம்னுட்டாங்க. நல்ல எடம்யா! கெடுத்துட்டியே! இனிமே எங்க ஊரு விசேஷம் எதுலயும் உன் கேமரா வரக்கூடாது."

அவர் போன பிறகு மணிவண்ணன் லென்சைத் துடைத்தான். உறையில் போட்டான். முடிவு எடுத்தாகிவிட்டது.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்ட். "திருச்சி... திருச்சி..." கண்டக்டர் கூவிக்கொண்டிருந்தார். படியில் கால் வைக்கும்போது பக்கத்தில் அரியலூர் பஸ் வந்து நின்றது. தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, மழையில் இறங்கினாள் வெற்றிச்செல்வி.

"உங்களத்தான் பாக்க வந்தேன். எங்க கெளம்பிட்டீங்க?"

"லென்சத் திருப்பிக் குடுக்க."

"ஏன்? எல்லாரும் அடங்கறாங்கல்ல?"

"உங்க சம்பந்தத்தையே கெடுத்துடுச்சு. அப்புறம் எப்படிங்க வெச்சுக்கறது?"

"சார், ஏறுறீங்களா இல்லியா?" என்றார் கண்டக்டர். இவன் காலை எடுத்தான். பஸ் போய்விட்டது.

"அது மட்டுமில்ல..." என்றான் தரையைப் பார்த்து. "உங்கப்பா வந்து திட்டுறப்ப எனக்கு வருத்தம் வரல. சந்தோஷமா இருந்துச்சு. அந்த எடம் தட்டிப்போச்சேன்னு அவ்ளோ சந்தோஷம்... நீங்க வேற யாருக்கோன்னு நெனைக்கவே முடியல. ஒரு பொண்ணுக்குக் கெடுதல் பண்ணிட்டு அதுல சந்தோஷப்படறவன் என்ன மனுஷன்? அசிங்கமா இருக்குங்க."

அவள் இமையில் நின்ற துளி ஒன்று கன்னத்தில் இறங்கியது. மழையா, வேறா... தெரியவில்லை.

"மழையில எடுத்தேனே, அந்தப் படம் அவ்ளோ நல்லா வந்திருந்துச்சு" என்றான். "ரெண்டும் ஒரே கவர்லதான இருந்துச்சு? உங்கப்பா அதக் குடுத்திருக்கலாம்ல?"

"கவர அப்பா பாக்கவே இல்ல."

"அப்ப...?"

அவள் நிமிர்ந்தாள். அந்தப் பெரிய கண்கள் முதல் முறையாக அவனைப் பார்க்கக் கூசின.

"கத்திரி எடுத்து, அந்தத் துண்ட வெட்டி, இததான் அனுப்பணும்னு அப்பா கையில குடுத்தது... நான்தாங்க."