சலூன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்

மகள் வந்தபோது சலூனின் ஷட்டர் பாதிதான் தூக்கியிருந்தது. மழைக்கு இருட்டிக்கொண்டு வந்த பிற்பகல். குனிந்து உள்ளே நுழைந்தாள். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. கடையை மூடிப் பல மாதங்கள் ஆகியும் பவுடர் வாசனையும் சவர சோப்பு வாசனையும் சுவரை விட்டுப் போகவில்லை. அவற்றுக்கு அடியில் புதிதாக இன்னொரு வாசனை. ஈரத்துணியை மடித்து வைத்து மறந்துபோனால் வருமே, அது.

அவள் பஸ் கண்டக்டர். டிப்போவில் அவளுக்கு 'விசில்' என்று பெயர். பஸ் கிளம்பத் தாமதித்தால் அவள் குரலே அதைத் தள்ளிவிடும் என்பார்கள்.

வாடிக்கையாளர்கள் காத்திருக்கும் பெஞ்சில் அப்பா உட்கார்ந்திருந்தார். மடியில் தட்டு, அதில் காய்ந்துபோன சோறு. அவர் கண்கள் மகளிடம் வந்தன, நின்றன, எதிரே இருந்த சுழல் நாற்காலிக்கே திரும்பிப் போயின. மகள் என்று தெரிந்தது. தெரிந்தும் அவருக்குள் எதுவும் அசையவில்லை.

டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். மறதி நோயில் இதுவும் ஒரு பகுதி. இது சோம்பலும் இல்லை, பிடிவாதமும் இல்லை, சோகம்கூட இல்லை. ஒரு காரியத்தைத் தொடங்கி வைக்கும் இடம் மூளைக்குள் அணைந்துகொண்டு வருகிறது. யாராவது தொடங்கிக் கொடுத்தால் கை ஓடக்கூடும். அம்மா இதை நம்பவில்லை. வேணும்னே பண்றார், என்னைப் பழிவாங்கறார் என்று தினமும் போனில் ஒரு பாட்டம் அழுது தீர்ப்பாள்.

இந்த வாரம் அம்மா புலம்பவில்லை. அதற்குப் பயந்துதான் மகள் லீவு போட்டுவிட்டு வந்தாள்.

அம்மா பெஞ்சின் மறுகோடியில், தலை வாராமல் உட்கார்ந்திருந்தாள். "வா" என்றாள். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை.

"அப்பா ஏன் சாப்பிடல?"

"நாற்காலியில ஆள் இருக்குல்ல."

மகள் திரும்பிப் பார்த்தாள். நாற்காலிக்கு வெள்ளைத் துணி போர்த்தி, தலை சாய்க்கும் இடத்துக்குக் கீழே முடிச்சுப் போட்டிருந்தது. அப்பாவின் வழக்கம் அவளுக்குத் தெரியும். துணி கட்டிய ஆளை முடித்து இறக்கிவிடும் வரை அவர் சோற்றில் கை வைக்க மாட்டார். ஆனால் இப்போது கையில் கொடுத்தால் ஒழிய ஒரு ஸ்பூனைக்கூட எடுக்காதவர் அவர். முடிச்சுப் போட்டது யார்? அம்மாவைக் கேட்டாள். காலையில் வந்து பார்த்தால் கட்டியிருக்கும் என்றாள் அம்மா, பால் பாக்கெட் வந்திருக்கும் என்று சொல்வதுபோல.

அப்பா உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னார்:

"அவருக்கு அவசரம் இல்லியாம்."

மின்விசிறி ஓடவில்லை. துணி மெல்ல உயர்ந்தது. மெல்லத் தாழ்ந்தது.

நாற்காலி 'ஸ்ஸ்' என்று கொஞ்சம் கீழே இறங்கியது. ஆள் எடை விழுந்தால் அது அப்படித்தான் இறங்கும்.

மகள் பெஞ்சுப் பக்கம் திரும்பினாள். பெஞ்சில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவே சரியாக ஒரு ஆள் இடம் இருந்தது. உட்கார்ந்தாள். தோள்பை நழுவித் தரையில் விழுந்தது. எடுக்கத் தோன்றவில்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஷட்டருக்கு அடியில் தண்ணீர் நுழைந்து பைக்கு அருகே வந்தது. வரட்டும். இரண்டு பேரும் அமைதியாகத்தானே இருக்கிறார்கள். சாப்பிட்டு என்ன ஆகப்போகிறது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

அவசரம் இல்லை.

அந்த இடத்தில் அவளுக்குச் சுருக்கென்றது. பிறந்ததிலிருந்து அவள் யாரிடமும் சொல்லாத வார்த்தை அது.

அது அவளுடையது இல்லை.

எழுந்தாள். உடம்பைச் சேற்றிலிருந்து பிடுங்குவதுபோல இருந்தது. நாற்காலிக்கு முன்னால் போய் நின்றாள்.

"இறங்கு," என்றாள். "உட்கார்ந்தா சீட்டு உன் சொத்தா? உன் ஸ்டாப்பு எப்பவோ போயாச்சு."

துணி அசையாமல் நின்றது. கேட்டுக்கொண்டிருக்கிறது என்று தோன்றியது.

முடிச்சை அவிழ்த்தாள். துணியைத் தன் மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு, நாற்காலியில் இருந்ததன் மேலேயே உட்கார்ந்தாள்.

நனைந்த மடியில் உட்கார்ந்ததுபோல் ஜில்லென்றது.

கண்ணாடியில் பார்த்தாள். துணிக்கு அடியில் நான்கு முழங்கால்கள் புடைத்திருந்தன.

"அம்மா, கத்தரியை எடுத்து அப்பா கையில வை."

"எதுக்குடி..."

"எதுக்குன்னு கேக்காதே. வை."

அம்மா வெகுநேரம் கழித்து எழுந்தாள். கத்தரியையும் சீப்பையும் அவர் கையில் திணித்து, தோளைப் பிடித்து நிறுத்தினாள். விரல்கள் வளையத்துக்குள் போனதும் கத்தரி தானாகக் காற்றில் இரண்டு தரம் வெட்டியது. தலையைத் தொடுமுன் அப்பா எப்போதும் செய்வது. அவர் நடந்து வந்தார். அவள் தலையைப் பிடித்து நேராக்கினார்.

"எப்படி?"

"குட்டையா. பின்னலோட எடுங்க."

காதோரம் ஈர மூச்சு ஒன்று பட்டது. அது அப்பாவுடையது அல்ல. அவள் திரும்பவில்லை.

முதல் வெட்டிலேயே பின்னல் தரையில் விழுந்தது. அம்மா மார்பில் கை வைத்தாள். "அடிப் பாவி, இடுப்பு வரைக்கும் வளர்த்து விட்டேனேடி! இவ கேட்டா இந்த மனுஷன் வெட்டிடுறதா? ரெண்டுக்கும் மூளை ஒண்ணுதான்!"

"திட்டும்மா," என்றாள் மகள். கண்ணில் நீர் வந்தது. "நிறுத்தாதே, திட்டு."

அம்மா திட்டிக்கொண்டே இருந்தாள். கத்தரி ஓடிக்கொண்டே இருந்தது. மகள் மறுபடி கண்ணாடியில் பார்த்தபோது இரண்டு முழங்கால்கள்தான் இருந்தன.

அப்பா துணியை அவிழ்த்து உதறினார். "இறங்கலாம்," என்றார். பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சோறு எங்க?"

குணமாகிவிடவில்லை. மறுநாள் காலையில் அவர் திரும்பவும் பெஞ்சில்தான் இருந்தார். நாற்காலியில் துணி கட்டியிருந்தது. மகள் டிப்போவுக்குப் போன் போட்டு, முடி வெட்டிக்கொள்ள வரச் சொன்னாள். அன்று முதல் டிரைவர்களும் கண்டக்டர்களும் டூட்டி முடிந்து ஒவ்வொருவராக வந்தார்கள். அப்பாவின் கையில் கத்தரியைக் கொடுப்பது அம்மாவின் வேலை. காது பத்திரம் என்று ஒருவரை ஒருவர் கிண்டலடித்துக்கொண்டார்கள். சிலர் தலை ஒருபக்கம் ஏற்றமும் ஒருபக்கம் இறக்கமுமாகத்தான் திரும்பிப் போனது. யாரும் குறை சொல்லவில்லை. ஒவ்வொருவரும் இறங்கியதும் அப்பா கொஞ்சம் சாப்பிட்டார்.

நாற்காலியில் துணி கட்டியிருப்பது நின்றுபோனது.

ஒரு சாயங்காலம் கடைசி ஆளும் போனபின் மகள் பெஞ்சைத் துடைக்க வந்தாள். கதவோரக் கோடியில், ஒருவர் உட்கார்ந்து எழுந்த அளவுக்கு ஈரம். அன்று யாருமே அங்கே உட்காரவில்லை. துடைத்தாள். துடைக்கத் துடைக்க ஊறியது.

மறுநாள் அந்த ஈரம் ஓர் ஆள் இடம் முன்னால் நகர்ந்திருந்தது.

அதற்கு அடுத்த நாள் இன்னும் ஓர் இடம். பெஞ்சில் அதற்கு முன்னால் யாரும் இல்லை; நாற்காலிக்கு அடுத்த முறை அதற்குத்தான்.

மகள் துணியை எடுத்தாள். ஏற்கெனவே குட்டையான அவள் தலையில் இனி வெட்டுவதற்கு முடி அதிகம் இல்லை. போய் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, கழுத்தில் முடிச்சை இறுக்கிக்கொண்டாள்.

"அப்பா," என்றாள், கண்ணாடியில் அந்தப் பெஞ்சைப் பார்த்துக்கொண்டே. "அடுத்த ஆளும் நான்தான்."

அவள் பின்னால் பெஞ்சு முனகியது. யாரோ சாய்ந்து, வசதியாக உட்கார்ந்துகொண்டதுபோல.