ஏற்றுக்கொண்ட குரல்

ஜூலை பதினான்காம் நாள், செவ்வாய்க்கிழமை. வானத்தைப் பங்கிட்டுக்கொண்டு விமானங்களுக்கு வழிகாட்டும் கிழக்கு நிலையத்துக்கும் மேற்கு நிலையத்துக்கும் இடையே ஒரே ஒரு நேரடித் தொலைபேசிதான் இருந்தது. அதைச் சீராக்கித் தருமாறு ஓராண்டாகக் கேட்டும் எவரும் செவிசாய்க்கவில்லை. மேற்கு நிலையம் புதிய கட்டடத்துக்கு மாறப்போகிறது, பிறகு பார்க்கலாம் என்றார்கள். என்றைக்கு மாறும் என்று கேட்டால், அதை அங்கேதான் கேட்க வேண்டும் என்றார்கள். அங்கே கேட்டால், உங்கள் தலைவருக்குத் தெரியுமே என்றார்கள்.

அன்று பிற்பகல் அந்தத் தொலைபேசி முதல் மணியிலேயே எடுக்கப்பட்டது. கிழக்கு நிலையத்தில் பணியிலிருந்த அவளுக்கு அதுவே நெருடியது. மேற்கில் வழக்கமாக எடுப்பவரைக் கனைப்புக்காரர் என்பார்கள். பல முறை மணியடிக்க விட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டுதான் பேசத் தொடங்குவார். இன்று செருமல் இல்லை. விமானத்தின் அழைப்புப் பெயரையும் உயரத்தையும் அவள் சொன்னாள். "ஏத்துக்கிட்டேன்" என்றது ஒரு குரல். இன்றைக்கு மட்டும் வேறு அலைவரிசை என்று ஓர் எண்ணையும் கொடுத்தது.

அந்த ஒற்றைச் சொல்தான் அவர்கள் வேலைக்கு அச்சாணி. அதைக் கேளாமல் எந்த விமானத்தையும் எல்லை தாண்ட விடக் கூடாது. கேட்டபின் தாண்டிய விமானம் அவளது பொறுப்பன்று. கோட்டுக்கு அப்பால் அவளது திரை எதையும் காட்டாது. பல்லாண்டுப் பழக்கத்தில், அச்சொல் காதில் விழுந்ததுமே நாக்கு தானாக விமானிக்குப் புதிய அலைவரிசையைச் சொல்லிவிடும். மனம் பின்னால்தான் வந்து சேரும்.

பகலிலும் இருட்டாகவே வைக்கப்பட்டிருக்கும் அந்தச் சன்னலற்ற அறையில், குளிர்சாதனத்தின் ஓயாத முனகலையும், சூடேறிய கருவிகளின் கருகல் வாடையையும், யாரோ பாதியில் வைத்துவிட்டுப்போன காப்பியின் புளிப்பையும் மீறி, ரிசீவரை வைத்த பிறகும் ஓர் ஓசை அவள் காதிலேயே தங்கியிருந்தது: குரலுக்குப் பின்னால், வழக்கமான பேச்சுச் சலசலப்புக்குப் பதிலாக, எங்கோ ஆழத்தில் தண்ணீர் சொட்டும் ஓசை.

பக்கத்து இருக்கைக்காரனிடம் சொன்னாள். தூங்குமூஞ்சி என்று நிலையமே அழைக்கும் அவன் கண்ணைக்கூட முழுதாகத் திறக்கவில்லை.

"லேட்டா எடுத்தாலும் குத்தம், உடனே எடுத்தாலும் குத்தம். நீங்க யாருக்காச்சும் மாமியாரா போயிருக்கணும்க்கா."

இரண்டாவது விமானத்தை ஒப்படைக்கையில், அவள் உயரத்தைச் சொல்ல வாயெடுக்கும் முன்பே குரல் அதைச் சொன்னது. பயணத் திட்டத்தைப் பார்த்திருப்பார்கள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் அந்த விமானம் சற்றுமுன்தான், அவள் சொல்லித்தான், உயரம் மாறியிருந்தது.

திரையில் மூன்றாவதாக ஊர்ந்துவந்த புள்ளியில் அவள் தம்பி இருந்தான். துணைவிமானி. இன்று நீதான் பணியிலாமே, போன தடவை போல மேகத்துக்குள் சுற்றவிட்டுப் பழிதீர்க்காதே என்று புறப்படுமுன் சீண்டியிருந்தான். இரவுச் சாப்பாட்டுக்கு வருவதாகவும் சொல்லியிருந்தான். சிறுவயதில் அவனைப் பள்ளிக்கு அழைத்துப்போனவள் அவள்தான். சாலையைக் கடந்து முடிக்கும்வரை அவளுடைய சுண்டுவிரலை விடவே மாட்டான்.

இம்முறை யார் பேசுவது என்று கேட்டுவிட்டுத்தான் ஒப்படைப்பது என உறுதி செய்துகொண்டு ரிசீவரை எடுத்தாள். அவள் வாய் திறக்கவில்லை. தம்பியின் விமானத்துடைய பெயரைக் குரல் சொன்னது. உயரத்தைச் சொன்னது. "ஏத்துக்கிட்டேன்" என்றது.

அவளது நாக்கு முந்திக்கொண்டது. புதிய அலைவரிசையைத் தம்பி திருப்பிச் சொல்லி, நன்றி கூறி, அவளது வானொலியிலிருந்து விலகினான். அப்போதும் தொலைபேசி துண்டிக்கப்படவில்லை.

"விரல விட்டுட்டியா?" என்றது குரல்.

அலுவலகத் தொலைபேசி அலறியது. எடுத்தாள். முதலில் ஒரு கனைப்பு.

"ஏம்மா, மதியத்துலேருந்து ஒரு விமானத்தக்கூட அனுப்பல? உங்க பக்கம் எல்லாருக்கும் லீவா?"

இப்போதுதானே மூன்றை ஒப்படைத்தேன் என்றாள்.

"யாருகிட்ட? மழைத்தண்ணி உள்ள வந்துடுச்சுன்னு மதியமே புதுக் கட்டடத்துக்கு மாறிட்டோமே. உங்க தலைவருகிட்ட சொல்லியாச்சு. பழைய ரூம்ல ஆளும் இல்ல, ஃபோனும் இல்ல. கழட்டி எடுத்துட்டு வந்துட்டோம்." மீண்டும் ஒரு கனைப்பு, இம்முறை மெதுவாக. "எங்க திரையில ஒண்ணுமே காணோம்மா."

குரல் கொடுத்த அலைவரிசைக்கு வானொலியைத் திருப்பினாள்.

தண்ணீர்.

சொட்டு. சொட்டு.

பிறகு விமானிகளின் குரல்கள். ஒன்றன்பின் ஒன்றாக. பணிவாக. "இறங்குகிறேன்." "இறங்குகிறேன்." மூன்றாவது, தம்பி. "இறங்குகிறேன்."

அழைத்தாள். பதிலில்லை. தம்பியைப் பெயர் சொல்லி அழைத்தாள். மீண்டும் அழைத்தாள். குரல்கள் ஓய்ந்தன. சொட்டும் ஓய்ந்தது.

நேரடித் தொலைபேசி மணியடித்தது.

"ஒண்ண மட்டும் திருப்பி அனுப்பறோம்." குரல் சொன்னது தம்பியின் விமானத்தின் பெயரை.

"உயரம்?" என்றாள்.

"உயரம் இல்ல. ஏத்துக்கறியா?"

தூங்குமூஞ்சியின் கண்கள் முழுதாகத் திறந்திருந்தன. அவளது மணிக்கட்டைப் பிடித்தான். "வேணாம்க்கா."

மறுத்தால் தம்பி இல்லை. ஏற்றால் வருவது எது? மனம் இன்னும் வந்து சேரவில்லை. நாக்கு வந்துவிட்டது.

"ஏத்துக்கிட்டேன்."

எல்லைக் கோட்டில் ஒரு புள்ளி முளைத்தது. அது ஓடுதளத்துப் பக்கம் திரும்பவில்லை. திரையின் நடுப்பகுதிக்கு வந்தது. இந்தக் கட்டடத்துக்கு. இந்த அறைக்கு. தூங்குமூஞ்சி பிடியை விட்டுவிட்டுச் சுவரோரம் ஒதுங்கினான். கதவின் அடியில் நீர் கசிந்தது.

"அக்கா, வந்துட்டேன்." குரல் வானொலியிலிருந்து வரவில்லை; மேசைக்கு அடியிலிருந்து வந்தது.

மேசைக்குக் கீழே தொங்கிய அவளது கையில், சுண்டுவிரலை, ஈரமான ஐந்து சிறுவிரல்கள் பற்றிக்கொண்டன. அவை இன்னும் விடவில்லை.

வாசகரே, கிழக்கு நிலையத்தில் அந்த நேரடித் தொலைபேசி இன்றுவரை அகற்றப்படவில்லை. அடுத்த முறை விமானம் ஏறுகையில் கேளுங்கள்: எல்லையில் என்னை யாரிடம் ஒப்படைப்பீர்கள்? ஆளைக் காட்டச் சொல்லுங்கள். காட்டும்வரை இருக்கையில் அமராதீர்கள்.