மடியில் கிடந்த ஒயர்

சுவரிலிருந்து பிடுங்கிய டெலிபோன் ஒயர் மெக்கானிக்கின் மடியில் செத்த பாம்பாகக் கிடந்தது. ஆனாலும் மேசைமேல் மோடம் டயல் டோன் கொடுத்துக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா சார்," என்றாள் டைப்பிஸ்ட். வாசலைத் தாண்டி உள்ளே வர மாட்டேன் என்கிறாள். "போன மாசம் வந்தவரும் டெஸ்ட் போட்டாரு. அப்புறம் ஒரு வார்த்தை பேசல. பின்கழுத்தைத் தடவிக்கிட்டே போயிட்டாரு. கூலிகூடக் கேக்கல."

"கூலி கேக்காத மெக்கானிக்கா? மொதல்ல அவனை ரிப்பேர் பாக்கணும்மா."

அவள் சிரிக்கவில்லை. எத்தனை ஆபீஸ் பார்த்திருக்கிறான்! பிளக்கைச் சரியாகச் செருகத் துப்பில்லாமல் பேய் என்பார்கள், சூனியம் என்பார்கள். மூளையைத் தவிர எல்லாம் இருக்கும்.

சுயசோதனைக்கு லைனே வேண்டாம். தான் அனுப்புவதை மோடம் தானே கேட்டுக்கொள்ளும். தட்டிய எழுத்து அப்படியே திரைக்குத் திரும்பினால் பெட்டி நலம். மோடத்தோடு இணைந்த கம்ப்யூட்டரில் கட்டளையைக் கொடுத்தான். டயல் டோன் நின்றது. வெளியே மழை பகலை இருட்டாக்கியிருக்க, ஈரக் காகிதமும் சூடேறிய தூசியும் கலந்த வாடைக்கு நடுவே, டியூப்லைட்டின் முனகலுக்கும் அடியில், பேசுமுன் தொண்டையைச் சரிசெய்துகொள்பவனைப்போல அந்தப் பெட்டி மெல்ல மூச்சு இழுத்தது.

தட்டுவதை வாய்விட்டுச் சொல்வது அவன் பழக்கம்.

"ஏ."

திரையில் ஏ வந்தது.

"பி."

திரையில் பி வந்தது. ஸ்பீக்கரிலும் வந்தது. அவன் குரலில்.

எதிரொலி, வேறென்ன. 'மண்டூகங்களா, இதெல்லாம் ஒரு பழுதா?' என்று சொல்ல வாயெடுத்தான். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"மண்டூகங்களா, இதெல்லாம் ஒரு பழுதா?" என்றது பெட்டி.

தன் ஏளனத்தை வெளியிலிருந்து அவன் கேட்டது அதுதான் முதல்முறை. இவ்வளவு அசிங்கமாகவா இருக்கும்?

அவளைக் கூப்பிட்டான். தொண்டையிலிருந்து கீச்சொலி கிளம்பியது. லைன் தேடும் மோடத்தின் நீண்ட கீச்சொலி.

டைப்பிஸ்ட் காதைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். "ஐயோ, சனியன் கத்துது சார்!"

"கத்தட்டும். நீங்க இருந்து என்ன கிழிக்கப் போறீங்க? ஷட்டரை இழுத்துட்டுக் கிளம்புங்க," என்றது பெட்டி.

"சரிங்க சார்." குரலில் அத்தனை நிம்மதி.

எழுந்தான். ஏதோ பின்னுக்கு இழுத்தது. உட்கார்ந்தான்.

ஷட்டர் இறங்கியது. தெரு போனது. மழையும் போனது.

மடியைப் பார்த்தான். ஒயர் இல்லை. மோடத்திலிருந்து புறப்பட்டு, சட்டைமேல் ஏறி, காலருக்குப் பின்னால் போயிருந்தது. கையைக் கொண்டுபோனான். பின்கழுத்தில், சதைக்குள், பிளக். கச்சிதமாகச் செருகியிருந்தது.

"ஏ," என்றது பெட்டி, பொறுமையாக.

அவன் வாய் திறந்தது.