சப்பாத்தோடு நின்றவன்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கே மல்கிரேவ் புறநகர் தோசைக்கல் மாதிரி காய்ந்துகொண்டிருந்தது. வேதவல்லியின் வீட்டு அழைப்புமணி அடித்தபோது விவேக் அங்கே மூன்றாவது காபியைக் குடித்துக்கொண்டிருந்தான். இருவருக்கும் ஒரே வேலை. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகச் சேதங்களைப் பார்த்து அறிக்கை எழுதுவார்கள். வேதவல்லி பார்ப்பாள், விவேக் படம் எடுப்பான். அவள் பத்து வார்த்தை பேசும் நேரத்தில் அவன் நூறு பேசுவான். இன்றைக்கு மட்டும் அவன் வாய்க்குப் பூட்டுப் போட்டதுபோல உட்கார்ந்திருந்தான்.

வந்தவர் புஸ்பராணி, முதியோர் இல்லத்தில் தாதியாக வேலை பார்ப்பவர். வாசலில் செருப்பைக் கழற்றினார். தடித்த கம்பளிக் காலுறையைக் கழற்றவில்லை. சுவரைப் பிடித்தபடி கதிரை வரைக்கும் வந்து உட்கார்ந்தார்.

"முழங்கால் வருத்தம்," என்றார். "பிள்ளை, ஜெயதீபன் அதைச் செய்யேல்லை. நீங்கள்தான் சொல்லவேணும்."

வேதவல்லிக்கு விளக்கம் தேவைப்படவில்லை. எதிரே இருக்கும் பூங்காவில் கேப்டன் ஹார்லண்ட் என்பவரின் வெண்கலச் சிலை நிற்கிறது. இலங்கையில் காப்பித் தோட்டங்கள் வைத்துப் பணம் சேர்த்து, அந்தப் பணத்தோடு இங்கே வந்து, இந்த மண்ணின் பூர்வகுடிகளைத் துரத்திவிட்டு ஆடு மேய்த்த மகானுபாவர். பித்தளைப் பலகை அவரைக் 'கூலிகளின் தந்தை' என்கிறது. கீழே கருங்கல் படியில் அவருடைய ஆறு தோட்டங்களின் பெயர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். இதே ஆளுக்கு இங்கிலாந்தில் பிறந்த ஊரிலும் ஒரு சிலை இருந்தது. இனவெறிக்கு எதிராக அங்கே ஊர்வலங்கள் நடந்த வருடம் அதைக் கழற்றிக் கிடங்கில் போட்டுவிட்டார்கள். இங்கே நகரக் கவுன்சில் இன்னும் 'ஆலோசித்துக்கொண்டிருக்கிறது'.

வியாழக்கிழமை மத்தியானம், நாற்பத்திரண்டு டிகிரி வெயிலில், யாரோ அந்தச் சிலை மேல் சிவப்புப் பெயின்டை ஊற்றிவிட்டார்கள். சேதத்தை மதிப்பிடும் வேலை வேதவல்லியிடம்தான் வந்தது.

ஜெயதீபன் அகதியாகப் படகில் வந்தவன். பதின்மூன்று வருடமாகத் தற்காலிக விசா. பூங்காவில் புல் வெட்டுகிறான், புஸ்பராணி வீட்டில் ஒரு அறையில் வாடகைக்கு இருக்கிறான். வியாழன் மாலை பெயரில்லாத யாரோ ஒருவர், அவன் வாளியோடு சிலையடியில் நிற்கும் படத்தை வட்டார முகநூல் குழுவில் போட்டு, 'இவனா?' என்று கேட்டிருந்தார். நானூறு பேர் 'இவனேதான்' என்றார்கள். படத்தில் முகத்தையும் வாளியையும் மட்டும் வெட்டி எடுத்து ஊரெல்லாம் பரப்பினார்கள்.

"அழுக்கைக் கழுவத்தான் ஏறினவன். ஆர் நம்பினம்? செவ்வாய்க்கிழமை பொலிஸ் திரும்ப வரச் சொல்லியிருக்கு. வழக்குப் போட்டா விசா போயிடும். பிறகு பிடிச்சு அனுப்பிப்போடுவினம்." புஸ்பராணி கதிரை நுனிக்கு நகர்ந்தார். "முழுப்படத்தையும் நான் பாத்தனான். அவன் சப்பாத்தோடை எல்லோ நிண்டவன்!"

ஷூவைச் சப்பாத்து என்பது யாழ்ப்பாணப் பேச்சு. வேதவல்லி தலையசைத்தாள். விவேக் தரையைப் பார்த்தான். அந்தப் பெயரில்லாத 'யாரோ' அவன்தான்.

அவன் வீட்டு மூன்றாவது மாடி பால்கனியிலிருந்து எடுத்த படம். பெரிய துப்பு கிடைத்துவிட்ட குஷியில், ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் போட்டான். தொப்பிக்குக் கீழே இருந்தது தமிழ் முகம் என்பதுகூடத் தெரியாது. தெரிந்த பிறகு, வெள்ளி ராத்திரி, பதிவை அழித்துவிட்டான். அழித்தால் நெஞ்சு லேசாகும் என்று நினைத்தான், ஆகவில்லை. தமிழ் முகம் இல்லை என்றால் மட்டும் அது சரியாகிவிடுமா என்ற கேள்வி வேறு அவனைப் பிடுங்கியது.

புஸ்பராணி போனதும் இருவரும் பூங்காவுக்கு நடந்தார்கள். கருங்கல் படியைக் கவுன்சில் ஆட்கள் வெள்ளிக்கிழமை கழுவிவிட்டார்கள். போலீஸ் அதைச் சரியாகப் பார்த்ததாகவே தெரியவில்லை. கழுவுவதற்கு முன் வேதவல்லி எடுத்த அளவுகளும் படங்களும்தான் மிச்சம். காய்ந்த பெயின்டில் பதிந்திருந்த வெறுங்கால் தடங்கள், நீளம் இருபத்திரண்டு சென்டிமீட்டர். அது அவளையும் விவேக்கையும் தவிர யாருக்கும் தெரியாது.

"அந்த வெயில்ல வெறுங்காலோட யார்க்கா ஏறுவாங்க?" என்றான் விவேக்.

வேதவல்லி குனிந்து கல்லை உள்ளங்கையால் தொட்டாள், சட்டென்று எடுத்துக்கொண்டாள். "படியில என்ன இருக்கு விவேக்?"

"எழுத்து."

"நம்ம ஆளுங்க எழுத்தை மிதிப்பாங்களா? பேப்பர்ல கால் பட்டாலே தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிறவங்க. மிதிக்காம ஏற வழியில்லன்னா, செருப்பையாவது கழட்டுவாங்க." அவள் கைப்பேசியில் வெள்ளிக்கிழமைப் படங்களைப் புரட்டினாள். "இன்னொண்ணும் பாரு. பெயின்ட் அஞ்சு தோட்டப் பேர் மேல வழிஞ்சிருக்கு. ஆறாவது பேர் மட்டும் சுத்தமா இருக்கு. யாரோ துணியால சுத்திச் சுத்தித் துடைச்சிருக்காங்க. வின்டர்ஹோம்."

விவேக்குக்கு உற்சாகம் பீறிட்டது. "தமிழ்ப் பொண்ணு, சின்னக் கால், சிலை மேல கோபம். யாமினி! புஸ்பராணி ஆன்ட்டியோட மகள். நாளைக்கு ஜனவரி இருபத்தாறு, வெள்ளைக்காரங்க இங்க வந்திறங்கின நாளை எதிர்த்து நடக்கிற ஊர்வலத்துல பேசப்போறது அவதான்!"

"போய்ப் பார்ப்போம்," என்று மட்டும் சொன்னாள் வேதவல்லி.

மாலையில் புஸ்பராணி வீட்டுக் குசினியில், சாப்பாட்டு மேசையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஜெயதீபன் தலையைக் குனிந்திருந்தான். யாமினி ஊர்வலத்துக்கான பதாகையை எழுதிக்கொண்டிருந்தாள். அவள் காலடியில் பாதி காலியான சிவப்புப் பெயின்ட் டப்பா இருந்தது. விவேக்கின் கண் அதில் போய் ஒட்டிக்கொண்டது.

"யாமினி, வியாழக்கிழமை மத்தியானம் நீ எங்கே..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தினான். மறுபடியும் ஒரு பெயர், மறுபடியும் ஒரு 'இவளா?' அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"யூனிவர்சிட்டியில," என்றாள் யாமினி நிமிர்ந்து. "ஆஸ்க் எனிஒன்."

அவள் குறுக்கே நீட்டியிருந்த கால்கள் வெறுங்கால்கள். ஒரு கொப்புளம் இல்லை.

வேதவல்லி மெதுவாகப் பேசினாள். "வியாழக்கிழமை அந்தக் கல்லு மேல வெறுங்காலோட நின்னு, ஒரு பேரைச் சுத்தித் துடைக்கக் குறைஞ்சது அஞ்சு நிமிஷம் ஆகும். உள்ளங்கால் வெந்திருக்கும். புஸ்பராணி அக்கா, இந்த வெயில்ல நீங்க ஏன் கம்பளிக் காலுறை போட்டிருக்கீங்க?"

புஸ்பராணி கால்களைக் கதிரைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"காலைல நீங்க சொன்னது இன்னொண்ணு. 'அவன் சப்பாத்தோடை நிண்டவன்'னு. நானூறு பேர் அந்தப் படத்துல வாளியையும் முகத்தையும் பார்த்தாங்க. நீங்க மட்டும் சப்பாத்தைப் பார்த்தீங்க. செஞ்சவங்க வெறுங்காலோட ஏறினாங்கன்னு, செஞ்சவங்களைத் தவிர வெளியாள் யாருக்கும் தெரியாதே அக்கா."

புஸ்பராணி மேசைவிரிப்பின் ஓரத்தைச் சுருட்டினார், பிரித்தார். இந்த நாட்டுக்கு வந்து இருபத்தேழு வருடம். யாழ்ப்பாணத்துக்காரி என்றுதான் எல்லோருக்கும் தெரியும். சம்மதம் சொல்ல அவர் வாயில் யாழ்ப்பாணத்து 'ஓம்' தவிர வேறு சொல்லை யாரும் கேட்டதில்லை.

"ஆமா," என்றார் புஸ்பராணி. "நாந்தான்."

அம்மா அப்படிப் பேசிக் கேட்டிராத யாமினியின் கையிலிருந்து தூரிகை விழுந்தது.

"எங்க அப்பாவோட தாத்தா வின்டர்ஹோம் தோட்டத்துலதான் செத்தாரு. குளிர்ல, முப்பது பேரு ஒரே வாரத்துல. பேரு கிடையாது, கல்லு கிடையாது. அந்தத் தோட்டத்தோட பேரு ஒண்ணுதான் எங்களுக்குக் கல்லறை. அது மேல எப்படிச் செருப்போட ஏறுவேன்? கால் எரிஞ்சுது. எரியட்டும்னு நின்னேன்."

"வை டிட்ன்ட் யூ டெல் மீ, அம்மா?"

"நீ ரோட்டுல நின்னு இனவெறி ஒழிகன்னு கத்துறப்ப பெருமையா இருக்கும். ஆனா நம்ம தமிழ்ச் சங்கத்துல இருக்கறவங்க, தோட்டத்துல இருந்து வந்தவங்களைத் 'தோட்டக்காட்டான்'னு சிரிச்சுப் பேசறப்ப நானும் கூடச் சேர்ந்து சிரிச்சிருக்கேன். அதை உங்கிட்ட எப்படிச் சொல்றது? எனக்குச் சிட்டிசன்ஷிப் இருக்கு. ஒத்துக்கிட்டா அபராதம், திட்டு, அவ்வளவுதான். எல்லாம் தெரிஞ்சும் ஊர் தெரிஞ்சிடுமேன்னு வாயை மூடிட்டேன்."

ஜெயதீபன் முதல் தடவையாக நிமிர்ந்தான். "அக்கா, இந்த ரெண்டு நாளும் எனக்குச் சோறு போட்டனீங்கள். தெரிஞ்சுகொண்டே போட்டனீங்களோ?"

"ஆமா," என்றார் புஸ்பராணி. முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அவர் கண்ணைத் துடைத்ததும் வேதவல்லி சொன்னாள்: "செவ்வாய்க்கிழமை போலீசுக்கு நானும் உங்ககூட வர்றேன். ஆனா உங்க ஒப்புதல் மட்டும் போதாது. வீட்டுல குடியிருக்கிறவனைக் காப்பாத்த நீங்க பொய் சொல்றீங்கன்னு போலீஸ் நினைக்கலாம். ஜெயதீபன் ஏறினப்பவே பெயின்ட் காய்ஞ்சிருந்ததுன்னு, அவர் சப்பாத்துல ஒரு பொட்டு சிவப்பு இல்லன்னு காட்டுற முழுப்படம் வேணும். அதைப் போட்டவர் அழிச்சுட்டார்."

அவள் விவேக்கைப் பார்க்கவில்லை, தேநீர்க் கோப்பையைத்தான் பார்த்தாள். அப்போது அவனுக்கு விளங்கியது. அந்தப் படத்தின் இடது ஓரத்தில் ஒரு துளசிக் கிளை எட்டிப் பார்த்தது. அவன் பால்கனியில் நிற்கும் அந்தத் துளசித் தொட்டியை அவனுக்குக் கொடுத்தவளே வேதவல்லிதான். அவளுக்கு வியாழக்கிழமையிலிருந்தே தெரிந்திருக்கிறது. அவனாகச் சொல்லட்டும் என்று இரண்டு நாள் காத்திருந்திருக்கிறாள்.

"நான்தான் போட்டேன்," என்றான் விவேக். "மன்னிச்சுடுங்க ஜெயதீபன். உங்க பேர் கெடக் கூடாதுன்னுதான் அப்புறம் அழிச்சேன்."

"ஆற்றை பேர் கெடக் கூடாதெண்டு?" என்று கேட்டான் ஜெயதீபன்.

விவேக்குக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. "என் பேர்."

கைப்பேசியில் மூலப்படம் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தார்கள். வாளியில் வெள்ளை நுரை. காய்ந்த சிவப்பின் மேல் இரண்டு பெரிய சப்பாத்துகள், கறையே இல்லாமல். அந்த நிரூபணம் இரண்டு நாளாக அவன் பாக்கெட்டிலேயே இருந்திருக்கிறது.

அவன் குழுவைத் திறந்தான். முழுப்படத்தையும் போட்டு, எழுதினான்: 'வியாழக்கிழமை இதைப் போட்டவன் நான். இவர் இல்லை. நான் தவறு செய்தேன்.' பெயரை மறைக்கும் பொத்தானை இந்த முறை அவன் தொடவில்லை. அனுப்பினான்.

ஜெயதீபன் எழுந்து வாசலுக்குப் போனான். தன் வேலைச் சப்பாத்துகளைக் கொண்டுவந்து, அடிப்பாகம் தெரியும்படி தரையில் கவிழ்த்து வைத்தான்.

"பொலிசுக்கு இதையும் படம் எடுங்கோ," என்றான். "இந்த முறை கேட்டுப்போட்டு எடுங்கோ."

விவேக் கைப்பேசியை உயர்த்தினான், பிறகு தாழ்த்தினான்.

"எடுக்கட்டுமா?" என்று கேட்டான்.

ஜெயதீபன் குனிந்து, சாய்ந்திருந்த சப்பாத்து ஒன்றை நேராக்கினான். விவேக் காத்திருந்தான்.