விடியலில் ஓடிய வாய்க்கால்

வெயில் ஏறிவிட்டது, மோட்டர் எழும்பவில்லை.

ஆறரை மணிக்குக் காவல்காரன் வீரசிங்கம் கிணற்றை எட்டிப் பார்த்தான். அறுபட்ட கயிறு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. மோட்டரைக் காணோம். மண்வெட்டியைப் போட்டுவிட்டு, தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

1982 ஆகஸ்ட். கொஸ்லந்த மலை முடிந்து வெல்லவாயப் பக்கத்துக் காய்ந்த சமதரை தொடங்கும் இடம் அது. தேயிலைத் தோட்டத்தில் வேலை போய்க் கீழே இறங்கி வந்த பத்துக் குடும்பங்கள் அங்கே மிளகாய் போட்டிருந்தன. கச்சான் என்னும் வறண்ட காற்றடிக்கும் மாதங்களில் வானம் ஒரு சொட்டுத் தராது. போன வருடம் வெளிநாட்டுத் திட்டக்காரர்கள் சிலர் வந்து, கிணற்றுக்குள் ஒரு மோட்டரை இறக்கி, மேலே நான்கு கண்ணாடித் தகடுகளை நிறுத்தி, வெயிலைக் கொண்டே தண்ணீர் இறைக்க வைத்துவிட்டுப் போனார்கள். இறைத்த தண்ணீர் மேட்டிலிருக்கும் சீமெந்துத் தொட்டியில் விழும். தொட்டியிலிருந்து வாய்க்கால் பாத்திகளுக்குப் போகும்.

காலை 8.10. பொலிஸ் ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் இறங்குவதற்கு முன்பே சார்ஜன் ஜௌபர் குதித்துவிட்டார். பதுளைக்காரர், ‘இருக்கு’ என்பது அவர் வாயில் ‘ஈக்கி’ ஆகும். ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாத மனுஷன். வீட்டில் சோறு தின்பதுகூட நின்றுகொண்டுதான் என்று மனைவி சலித்துக்கொள்வாள். வந்ததும் கிணற்றைச் சுற்றினார், தகடுகளைச் சுற்றினார், வாய்க்காலோரம் நடந்து ஈர மண்ணில் சப்பாத்துக் காலை அழுத்திப் பார்த்தார். விடியலில் தண்ணீர் ஓடியிருக்கிறது. அது நிச்சயம்.

இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் கேட்டார். வீரசிங்கம் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான். இரவு முழுக்க இங்கேதான் இருந்தேன், யாரும் வரவில்லை என்றான். சொல்லிவிட்டு மலைப்பக்கம் ஒரு தடவை பார்த்தான்.

அந்த நேரம் பார்த்து வெல்லவாய பஸ்ஸிலிருந்து சிவஞானம் முதலாளி இறங்கினார். எதிர்ப்பக்கத்துக் கடை அவருடையது. வெயில் மோட்டர் வரும்வரை இந்தப் பக்கத்துக்கே மண்ணெண்ணெய் இறைப்பு மிஷின் வாடகைக்கு விட்டவரும் அவர்தான். இப்போது அவருடைய மிஷின்கள் கடை வாசலில் துருப்பிடித்துக் கிடந்தன. முதலாளி கிணற்றடிக்கு வரவில்லை. ரோட்டோரத்திலேயே நின்று வாக்குமூலம் கொடுத்தார்.

“விடிய அஞ்சு மணிக்கு நான் இந்தப் பக்கமா பஸ்ஸுக்கு நடந்து போறேங்க. மோட்டர் சத்தம் கேட்டுச்சு. வாய்க்கால்ல தண்ணி ஓடுது. வீரசிங்கம் தொட்டி பக்கத்துல நிக்கிறான்.”

ஐந்தரை பஸ்ஸில் ஏறிச் சந்தைக்குப் போய் இப்போதுதான் திரும்புவதாகச் சொன்னார். கண்டக்டரும் ஆமாம் என்றான். இன்ஸ்பெக்டருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? ஐந்து மணிக்கு மோட்டர் கிணற்றில் இருந்தது, ஆறரைக்கு இல்லை, இடையில் அங்கிருந்தவன் ஒருவன்தான். பன்னிரண்டு மணிக்கு வீரசிங்கத்தைப் பண்டாரவளைக் கோர்ட்டுக்கு ஏற்றிவிடலாம் என்று கையைத் தட்டிக்கொண்டார்.

தலையில் கல்லைத் தூக்கிப் போட்டதுபோல் இன்னொரு செய்தியும் வந்தது. திட்டத்து இன்ஜினியர் இரண்டு மணிக்கு வருகிறாராம். மோட்டரைக் காப்பாற்றத் தெரியாதவர்களுக்குத் தகடுகள் எதற்கு, கழற்றி வேறு ஊருக்குக் கொடுத்துவிடுகிறேன் என்கிறாராம். வீரசிங்கத்தின் மனைவி ரெங்கம்மா மிளகாய்ப் பாத்திகளையே பார்த்தாள். பிஞ்சு பிடிக்கிற நேரம். மூன்று நாள் தண்ணீர் தவறினால் அத்தனையும் சருகு.

ஜௌபரின் கண் வீரசிங்கத்தின் கணுக்காலில் நின்றது. ரத்தம் ஒழுகிக் காய்ந்து, மேலே சுண்ணாம்பு தடவியிருந்தது. கிணற்றுக்குள் இறங்கும்போது கல் கீறியது என்று இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார். ஜௌபர் பக்கத்தில் குனிந்து, குரலைத் தாழ்த்தினார்.

“இது கல்லு கீறினதில்ல, வீரசிங்கம். அட்டை கடிச்சது. இந்தக் காஞ்ச தரையில அட்டை எங்க ஈக்கி? ராத்திரி மேல தேயிலைப் பக்கம் போனீங்களா?”

வீரசிங்கம் உடைந்துவிட்டான். மகளுக்கு நேற்று மாலை இடுப்புவலி கண்டதாம். கொஸ்லந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம். இவனும் பின்னாலேயே மலையேறி, பேரன் பிறந்ததைக் கேட்டுவிட்டு, முகம்கூடப் பார்க்காமல் தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் இறங்கி, ஐந்து மணிக்கு வந்து சேர்ந்து வழக்கமான வேலையைப் பார்த்தானாம். காவலை விட்டுப் போனது தெரிந்தால் நிலத்தைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயம்.

“அஞ்சு மணிக்கு மோட்டர் சத்தம் கேட்டுதா?”

“இல்லைங்க.”

இன்ஸ்பெக்டர் சிரித்தார். திருடன் வேறு எப்படிச் சொல்லுவான் என்றார். ஒரு பொய் சொன்னவன் இன்னொன்றும் சொல்லமாட்டானா? முதலாளி சொன்னதற்கு ஈர வாய்க்கால் சாட்சியாகக் கிடக்கிறதே! ஜௌபர் மறுபடியும் அந்த ஈரத்தைப் பார்த்தார். அதுதான் அவரை அரித்தது.

காலை 10.15. பிளேன்டீ குடிக்கிற சாக்கில் முதலாளியின் கடைக்குப் போனார். கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் நடந்தார். ஒரு பெண் போத்தலில் மண்ணெண்ணெய் கேட்டாள். திறந்திருந்த பீப்பா ஒன்றில் பாதிக்கு எண்ணெய் இருந்தது. முதலாளி அதை விட்டுவிட்டு, புதுப் பீப்பாவின் மூடியைச் சிரமப்பட்டுத் திருகினார். பழசில் கசடு என்று கேட்காமலே ஒரு விளக்கமும் கொடுத்தார். ஜௌபர் தேநீரை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தார்.

காலை 11.05. வெயில் மண்டையைப் பிளந்தது. மறுபடியும் வாய்க்கால், மறுபடியும் தொட்டி. தொட்டியை எட்டிப் பார்த்தார். அடியில் கொஞ்சம் பாசி, அவ்வளவுதான். ரெங்கம்மாவைக் கூப்பிட்டு, எப்போதும் விடியலில்தான் பாய்ச்சுவீர்களா என்று கேட்டார்.

“ஆமாங்க. வெயில்ல பாய்ச்சினா வேர் வெந்து போகும். மண்ணெண்ணெ மிஷின் காலத்துலயும் விடியலுக்கு முந்தித்தான் ஓட்டுவோம்.”

“அப்ப இந்த மோட்டரையும் இருட்டுல போடுவீங்க?”

ரெங்கம்மாவுக்கு அந்தத் துயரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. “அதெப்படிங்க? வெயில் படாம அது மூச்சே விடாது. பகல்ல அது வண்டு மாதிரி ரீங்காரம் போட்டுத் தொட்டியை நிரப்பும். விடியல்ல நாங்க அடைப்பைத் திறந்துவிடுவோம். தண்ணி தானா இறங்கும்.”

ஜௌபர் நின்றார். அன்று காலையிலிருந்து அவர் நின்றது அப்போதுதான்.

பகல் 11.40. இன்ஸ்பெக்டரையும் கூட்டிக்கொண்டு கடைக்குள் நுழைந்தார்.

“முதலாளி, அஞ்சு மணிக்குக் கேட்ட சத்தம் எப்படி ஈந்திச்சி?”

“எப்படின்னா... படபடன்னு. எல்லா மிஷினும் மாதிரித்தான்.”

“அது படபடன்னு அடிக்காது. வண்டு மாதிரி ரீங்காரம் போடும். அதுவும் வெயில் ஏறின பொறகு. அஞ்சு மணி இருட்டுல அந்த மோட்டரை ஆண்டவன்தான் ஓட்டணும். நீங்க பாத்தது நேத்து வெயிலுக்குத் தொட்டியில நிரம்பின தண்ணி.”

பிறகு ஜௌபர் இன்ஸ்பெக்டருக்கு ஒவ்வொன்றாகச் சொன்னார். வீரசிங்கம் நேற்று மாலை மலையேறியதை முதலாளி கடையிலிருந்தே பார்த்திருக்கிறார். இருட்டியதும் கயிற்றை அறுத்து மோட்டரைக் கொண்டுவந்திருக்கிறார். இரவில் எங்கிருந்தாய் என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. விடியலுக்குப் பிறகென்றால் ஒரு பஸ் நிறையச் சாட்சி உண்டு. அதனால் திருட்டை விடியலுக்குத் தள்ளவேண்டியிருந்தது. ஓடும் வாய்க்காலைக் கண்டார், நெடுநாள் பழக்கத்தில் மிஷின் ஓடுகிறதென்றே எடுத்துக்கொண்டார். மோட்டர் தன் கடையில் கிடக்கும்போது வாய்க்காலில் எப்படித் தண்ணீர் என்று யோசித்திருந்தாலாவது தப்பித்திருக்கலாம்.

“கேக்காமப் போனீங்களே,” என்று சொல்லிக்கொண்டே ஜௌபர் எண்ணெய் அளக்கும் கோலை அந்தப் பாதி நிறைந்த பீப்பாவுக்குள் விட்டார். கோல் நடுவழியில் டக்கென்று மோட்டரில் முட்டியது.

முதலாளியின் முகம் செத்துவிட்டது. கல்லாப்பெட்டிமேல் சாய்ந்துகொண்டு பேசினார்.

“நான் ரெண்டு மிஷின் இருக்குன்னு நினைச்சேங்க. எனக்குத் தெரியாம இன்னொண்ணு ரகசியமா வச்சிருக்கானுங்கன்னு. எண்ணெ இல்லாம ஒண்ணு ஓடுதுன்னு ஊரே பாக்கப் போச்சு. எனக்கு மட்டும் மனசு வரல. பகல்ல ஒரு நாள்கூட அந்தக் கிணத்தடிக்குப் போகல.”

“போயிருந்தா இண்டைக்கு மாட்டியிருக்கமாட்டீங்க,” என்றார் ஜௌபர். அவருக்கு அந்த மனிதன்மேல் கோபம் வந்தது, பரிதாபமும் வந்தது.

பகல் 1.30. தண்ணீருக்குள் கிடக்கவே செய்த மோட்டர் அது, எண்ணெய் உள்ளே புகவில்லை. வீரசிங்கம் அதைச் சாம்பல் போட்டுத் துடைத்து, வயரைப் பொருத்தி, வேறு கயிறு கட்டி, கிணற்றில் இறக்கினான். வண்டுச் சத்தம் எழும்பியது. மண்ணெண்ணெய் வாடையடித்த முதல் தண்ணீரைப் பெண்கள் வெளியே திருப்பிவிட்டார்கள். பிறகு வந்தது சுத்தமான தண்ணீர், தொட்டியில் விழுந்தது. இன்ஜினியரின் ஜீப் தூசியைக் கிளப்பிக்கொண்டு வந்தபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்ஜினியர் தகடுகளைத் தொடாமல் திரும்பிப் போனார். வீரசிங்கம் இன்னும் கிணற்றடியிலேயே நின்றான்.

“பேரனைப் பாக்கப் போகலையா?” என்று கேட்டார் ஜௌபர்.

“காவலை விட்டு எப்படிங்க போறது? ஒருக்கா போனதுக்கே இந்தப் பாடு.”

ஜௌபர் தொப்பியைக் கழற்றித் தொட்டிச் சுவரில் வைத்தார். இன்ஸ்பெக்டரிடம், முதலாளியைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகும் வழியில் வீரசிங்கத்தைக் கொஸ்லந்த ஆஸ்பத்திரியில் இறக்கிவிடுங்கள், நான் பிறகு பஸ்ஸில் வருகிறேன் என்றார்.

“நீங்க போய்ட்டு வாங்க. நீங்க வாரவரைக்கும் நான் இங்க ஈக்கேன்.”

சொல்லிவிட்டு, கிணற்றுக் கட்டின் மேல் காலை நீட்டி உட்கார்ந்தார். வெயில் சாய்ந்து மோட்டர் அடங்கிய பிறகும் அவர் எழும்பவில்லை.